வாயு மூலைக்குப் போன தொட்டி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குழாய்க்கு எவ்வளவு சரிவு, கம்பிக்கு எவ்வளவு கனம், தொட்டிக்கு எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் ஆறே மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டடங்களுக்குள் தண்ணீரும் மின்சாரமும் வருவதற்கும், கழிவு வெளியே போவதற்கும் இருபத்தைந்து வருடம் வழி வரைந்து கொடுத்தேன். போன வருடம் போதும் என்று எழுந்துவிட்டேன். இப்போது நான் சொல்ல வந்தது ஒரு பொய்யைப் பற்றி. நான் சொன்ன அந்தப் பொய் எனக்குத் தெரியாமலேயே உண்மையாகிவிட்ட இரண்டு வாரத்தைப் பற்றி.

பெங்களூரில் ஒரு மனைக்கு இரண்டு சரிவுகள் உண்டு. ஒன்று மண்ணின் சரிவு. மழை பெய்தால் தெரியும். மற்றது வாஸ்துவின் சரிவு. அது மழை பெய்யாமலேயே தெரியும். குடிநீர்த் தொட்டி ஈசானிய மூலையில், கழிவுநீர்த் தொட்டி வாயு மூலையில், தென்கிழக்கான அக்னி மூலையில் நீரின் வாடையே கூடாது. மண்ணும் சாஸ்திரமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் மனை கிடைத்தால் அந்தப் பொறியாளர் கொடுத்துவைத்தவர். எனக்கு அப்படி இரண்டோ மூன்றோதான் கிடைத்தன.

மற்றவற்றுக்கு ஒரு வழி வைத்திருந்தோம். நாங்கள் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த பலரும் வைத்திருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு செட் வரைபடம். முதல் செட்டில் கழிவுத் தொட்டி வாஸ்து சொன்ன இடத்தில் இருக்கும். உரிமையாளரின் வாஸ்துக்காரர் அதைப் பார்த்து மூலையில் மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போடுவார். அது அலமாரிக்குள் போய்த் தூங்கிவிடும். இரண்டாவது செட்டில் தொட்டி தண்ணீர் தானாக ஓடிச் சேரும் இடத்தில் இருக்கும். அதுதான் சைட்டுக்குப் போகும். பிரேசர் டவுனில் ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவற்றுக்குப் பெயரே உண்டு. சாமி செட், சைட் செட்.

ஏமாற்றுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. தொட்டியைக் கட்டி மூடி, மேலே கல் பாவி, அதன்மேல் கார் நிறுத்திய பிறகு யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள். மூடிய மண்ணுக்கு அடியில் திசை கிடையாது என்று நாங்களே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டோம்.

பொம்மசந்திராவில் ஒரு விடுதி. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக ஐந்து மாடி. உரிமையாளருக்கு ஏற்கெனவே இரண்டு கட்டடங்களுக்கு வேலை செய்து கொடுத்திருந்தேன். தருமபுரிப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பெங்களூர். அதிர்ந்து பேசாத மனிதர். வாஸ்துக்காரரைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க மாட்டார். மனை மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருந்தது. வாயு மூலை என்கிற வடமேற்கு, மனையிலேயே உயரமான இடம். தொட்டி போக வேண்டியது தென்கிழக்குப் பள்ளத்துக்கு. ஆகவே வழக்கம்போல இரண்டு செட்.

சைட்டுக்கு வரைபடம் அனுப்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பது தாளுக்குமேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ‘கட்டலாம்’ என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். காதில் போன். வேறொரு சைட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிற இடத்துக்குச் சண்டை. கீழே பல் மருத்துவரின் இயந்திரம் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருந்தது. முத்திரை, கையெழுத்து, முத்திரை, கையெழுத்து. ஒரு தாளின் மூலையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. டீக்கறை என்று நினைத்தேன். குத்தினேன்.

இரண்டு செட்டிலும் அந்தத் தாளுக்கு ஒரே எண். ஏழு. ஒரே எண் வைத்தது என் யோசனைதான், யாராவது எண்ணைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரக்கூடாது என்று.

மூன்றாம் நாள் பாஷா கூப்பிட்டார். அந்த விடுதிக்குக் குழாய் வேலை எடுத்திருந்தவர். சிவாஜிநகர்க்காரர். அப்போது என்னோடு பதினோரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். அளவுநாடாவைப் பிடிப்பதற்கு முன்பே தரையைப் பார்த்துச் சரிவு சொல்லிவிடுவார்.

“மேடம், சலாம். ஒரு டவுட்டு. தொட்டிய மேட்டுல காட்டிருக்கீங்க. தண்ணி கீழருந்து மேல ஏறுமா? புது சயின்ஸ் எதாவது வந்துச்சா?”

டிரான்ஸ்ஃபார்மர் சண்டை அப்போதும் முடிந்திருக்கவில்லை. “பாய், டிராயிங்ல என்ன இருக்கோ அதச் செய்ங்க. எனக்கு இப்ப டைம் இல்ல.”

“சரி மேடம். நீங்க சொன்னா சரி.”

அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு கதவைச் சாத்தினேன். தவறான தாளில் முத்திரை குத்தியதைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. கை செய்த பிழை அது. இந்தப் பதில் அப்படியல்ல. தரையில் நிற்கிறவர் தரையைப் பார்த்துக் கேட்கும்போது, தாளைப் பார்த்துக்கூடப் பதில் சொல்லவில்லை நான். ‘டிராயிங்ல இருக்கறதச் செய்ங்க’ என்று உங்கள் வாயில் வரும்போது ஒரு நொடி நில்லுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். நின்றால் போதும்.

பத்து நாள் கழித்து சைட்டுக்குப் போனேன். ஏற்கெனவே எழும்பியிருந்த இரண்டாம் மாடித் தளத்தில் நின்று கீழே பார்த்தால் எதிர்பார்த்த இடத்தில் குழி இல்லை. தென்கிழக்கில் கம்பிக் கட்டுகளும் செங்கல்லும் அமைதியாகக் கிடந்தன. திரும்பினேன். வடமேற்கில், காம்பவுண்ட் சுவரை ஒட்டி, பன்னிரண்டடி ஆழத்துக்குச் சிவப்பாக வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பொக்லைன் இன்னும் உள்ளே பாறையைக் கொத்திக்கொண்டிருந்தது. படியிறங்கி ஓடினேன்.

குழியின் விளிம்புக்கு வந்து நின்றபோதுதான் சுவருக்கு அப்பால் இருந்ததைப் பார்த்தேன். ஓட்டு வீடுகள் ஒரே வரிசையில் எட்டு. வரிசையின் இந்த முனையில் ஒரு போர்வெல். எண்ணெய் டின்னை வெட்டி ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி போட்டிருந்தார்கள். நாங்கள் வரைகிற படங்களில் அளவெடுப்பவர் சுவரோடு நின்றுவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் தாள் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் கொடிக்கயிறும் முருங்கை மரமும் இந்தப் போர்வெல்லும் இருந்தன. கண்ணால் அளந்தேன். அளந்தது போதாமல் நாடாவையும் நீட்டினேன். குழிக்கும் போருக்கும் பதினோரு அடி.

“யாரு? நீங்கதான் மேடமா?” சுவருக்கு மேல் ஒரு முகம். ஐம்பது வயது இருக்கும், தலையில் ஈரத் துண்டு. அந்த எட்டு வீடும் அவருடையதுதான் என்றும், பெயர் சரோஜா என்றும் பிறகு தெரிந்தது. “உங்க வண்டி இடிக்கிற இடியில எங்க வீட்டுல சொம்பு தானா நடக்குது. இன்னாதான் கட்டுறீங்க இங்க?”

“தொட்டிம்மா.”

“தண்ணித் தொட்டியா?”

“தொட்டிதான்.”

“நல்லது. உங்களுக்காவது தண்ணி வருதே. காவேரி லைன் எங்க தெருவுக்கு இன்னும் வர்ல. எட்டு வீட்டுக்கும் இந்த ஒரு போர்தான். குடிக்க, சமைக்க, புள்ளைங்க குளிக்க, எல்லாம் இதுதான்.” சொல்லிவிட்டு முகம் கீழே இறங்கிவிட்டது.

தொட்டி என்று நான் சொன்னது உண்மை. அதற்குள் இருக்கப்போவது ஒரு வகையில் தண்ணீர் என்பதும் உண்மை. இருநூற்று நாற்பது பெண்களின் கழிப்பறைத் தண்ணீர். எல்லாத் தொட்டியும் ஒருநாள் கசியும். கசியாத தொட்டி கட்டுவேன் என்கிறவருக்கு இன்னும் வயதாகவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்துப் பாறையில் விரிசல் அதிகம். விரிசல் வழியே நீர் எந்தப் பக்கம் நடக்கும் என்பதற்கு என்னிடமும் படம் கிடையாது.

சைட் அலுவலகத்தில் நாகராஜ் உற்சாகமாக எழுந்து நின்றார். அவர்தான் புராஜெக்ட் மேனேஜர். கன்னடக்காரர், தமிழை வேலை செய்து கற்றவர். மூலையில் பாஷா ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னி மேடம், பன்னி, வாங்க. நேத்து ஓனர் வந்தாரு. வாயு மூலைல குழி பாத்து ஃபுல் குஷி. இன்னா சொன்னாரு தெரியுமா? ‘எல்லாரும் பேப்பர்ல வாஸ்து போட்டுட்டு சைட்ல வேற மாதிரி பண்றாங்க. இந்த மேடம் ஒருத்தர்தான் நிஜமா பண்றாங்க’ன்னாரு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“தண்ணி மேல ஏறணுமே, நாகராஜ்.”

“ரெண்டு பம்ப் போட்டா ஏறுது. அஷ்டே, அவ்ளோதான். நாளானிக்கு தொட்டி அடித்தளம் காங்கிரீட். லாரிக்குச் சொல்லியாச்சு.”

“பக்கத்துல போர் இருக்கு.”

“அது நம்ம காம்பவுண்டுக்கு வெளில மேடம். நம்ம டிராயிங்ல இல்லல்ல.”

சரியாகத்தான் சொன்னார். டிராயிங்கில் இல்லை. எங்கே போய் இதைக் கற்றுக்கொண்டார் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வெளியே வந்தேன். பாஷா பின்னாலேயே வந்தார்.

“நீங்க சொன்னதத்தான் செஞ்சேன் மேடம்.”

“தெரியும் பாய்.”

“சாமி செட்டுதானே அது?”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. பதினோரு வருடம். தலையாட்டினேன்.

“வாட்டர்ப்ரூஃபிங் நானே நின்னு பண்றேன். ஒரு சொட்டு வெளில போவாது.”

“எத்தன வருஷத்துக்கு?”

தாடியைச் சொறிந்தார். “ஓனர் கேட்டா இருபது. நீங்க கேட்டா பத்து.”

“அந்தப் போர் எத்தன வருஷமா ஓடுது?”

“பதினெட்டுன்னு அந்தம்மா சொல்லுது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேடம், நல்லா யோசிங்க. இப்ப ஒத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கு ரெண்டு தப்பு. தப்பான தாள் அனுப்புனது ஒண்ணு, ஓனருக்கு இத்தினி வருஷம் ரெண்டு படம் காட்டுனது ஒண்ணு. சும்மா இருந்தீங்கன்னா ஒரு தப்பும் இல்ல. பாராட்டு வேற. நக்கோ மேடம், வேணாம், அவசரப்படாதீங்க.”

என் நிலைமையை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் பிழை என் பொய்யை உண்மையாக்கியிருந்தது. பிழையைத் திருத்தப்போனால் பொய் வெளியே வந்துவிடும். விட்டுவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உரிமையாளருக்கு வாஸ்து, நாகராஜுக்குக் காங்கிரீட், பாஷாவுக்கு வேலை, எனக்கு நல்ல பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு வீடு. அவர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

ஓசூர் சாலையில் பஸ் நகராமல் நின்றபோது மூன்றாவது வழி ஒன்று தேடினேன். உங்களிடம் மறைப்பானேன். பாறை மிகவும் கடினம், அங்கே தோண்ட முடியாது என்று சொல்லிவிடலாம். நாகராஜ் பெரிய வண்டி கொண்டுவருவார். விதிப்படி தூரம் போதாது என்று எழுதலாம். அப்படியானால் இந்த இடத்தை ஏன் முதலில் கொடுத்தீர்கள் என்று உரிமையாளர் கேட்பார். அதற்கு இன்னொரு பொய். அதைக் காப்பாற்ற இன்னொரு தாள், அதே எண்ணில். சாமி செட், சைட் செட், மூன்றாவதாகப் போர் செட். பஸ் நகர்ந்தது. எனக்குக் களைப்பாக இருந்தது. நேர்மை என்று பெரிதாக ஒன்றும் எனக்குள் எழவில்லை. இனி ஒரு தாள்கூட வரைய முடியாது என்ற களைப்புத்தான்.

மறுநாள் காலை இரண்டு ஏழாம் எண் தாள்களையும் சுருட்டிக்கொண்டு உரிமையாளரின் அலுவலகத்துக்குப் போனேன். வாஸ்துக்காரரும் அங்கே இருந்தார். நல்லது, ஒரே தடவையில் முடியும் என்று நினைத்துக்கொண்டேன். மேசைமேல் இரண்டையும் விரித்தேன். சுருளாமல் இருக்க ஒரு முனையில் அவருடைய பேனா ஸ்டாண்டை வைத்தேன்.

“இது உங்களுக்குக் காட்டினது சார். இது சைட்டுக்குப் போக வேண்டியது. தவறி, உங்களுக்குக் காட்டினதே போயிடுச்சு.”

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“அப்ப நான் பாத்து சந்தோஷப்பட்டேனே, அது?”

“என் தப்பு சார்.”

“முன்னாடி கட்டின ரெண்டு பில்டிங்?”

“அதுலயும் தொட்டி பள்ளத்துலதான் சார்.”

வாஸ்துக்காரர் பக்கம் திரும்பினார். “அந்த ரெண்டும் வந்தப்புறம்தானே எனக்குத் தொழிலே தூக்குச்சு.”

வாஸ்துக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “மத்த மூலைங்க சரியா இருந்துச்சு, அது காப்பாத்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. நான் போர்வெல்லைப் பற்றிச் சொன்னேன். பதினோரு அடி, எட்டு வீடு, விரிசல் பாறை. தாளின் வெளிப்பக்க வெள்ளையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். வாஸ்துக்காரர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். மண் எந்தப் பக்கம் சாயுது, எத்தனை அடி, ரோடு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகள் ஒழுங்காக இருந்தன. எங்கள் அலுவலகத்தில் யாரும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

“அடுத்தவங்க குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்துல கழிவ வெக்கறது தோஷம்மா. இதவிடப் பெரிய தோஷம் எந்த மூலைலயும் கெடயாது.” விரலைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினார். “அக்னி மூலைய விட்டு எட்டடி இந்தப் பக்கம் தள்ளி வாங்க. அதுக்கப்புறம் அது மூலையே இல்ல. தண்ணி ஓடுமா?”

ஓடும். தாராளமாக ஓடும். சைட் செட்டில் நான் வரைந்திருந்த இடத்திலிருந்து எட்டே அடி.

“ஓடும் சார்.”

“மொதல்லயே கேட்டிருக்கலாமேம்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கையெழுத்து வாங்கினோம். அவரை ஒரு தடையாக வைத்துச் சுற்றிப் போகப் பாதை போட்டோமே தவிர, உட்கார்ந்து பேசலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் சொல்லும் தோஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் போர்வெல்லுக்குப் பக்கத்தில் அந்தத் தொட்டி கூடாது என்பதில் அந்த அறையில் முதலில் என்னோடு சேர்ந்தவர் அவர்தான்.

உரிமையாளர் தாள்களைத் தானே சுருட்டினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மஞ்சள் தடவிய தாளை வைத்துக்கொண்டார்.

“குழிய மூடிடுங்க. தொட்டி இவர் சொன்ன இடத்துக்கே போகட்டும். பாஷா இருக்கட்டும், அவர் மேல ஒண்ணும் இல்ல.” நிறுத்தினார். “உங்க இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன். கோவமில்ல. இனிமே நீங்க ஒரு படம் காட்டுனா, இன்னொண்ணு எங்க இருக்குன்னுதான் தேடுவேன்.”

குழியை மூடும்வரை மட்டும் நானே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார்.

வேலை போகும் என்று தெரிந்து உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். லேசாகவில்லை. அந்த ஆள் நல்லவர், அவரிடம் இன்னும் பத்துக் கட்டடம் செய்திருக்கலாம் என்றுதான் படியிறங்கும்போது நினைத்தேன்.

குழியை மூட மூன்று நாள் ஆனது. ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அமுங்கி, சுவர் சாய்ந்து, அந்தம்மாவின் போர்மேலேயே விழும். பாஷா ஒரு அடி மண், தண்ணீர், இடி, மறுபடி ஒரு அடி என்று ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டடக் குப்பையை உள்ளே தள்ளப் பார்த்த லாரிக்காரரை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. என்னிடம் மட்டும் அந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. பாதி மரியாதை, பாதி கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் சரோஜா மறுபடி சுவருக்கு மேல் வந்தார்.

“இன்னா மேடம், தோண்டறீங்க, மூடறீங்க? வேற வேல இல்லியா?”

அப்படியே சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆபத்து முடிந்துவிட்டது. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

“அன்னிக்கு நான் சொன்னது தண்ணித் தொட்டி இல்லம்மா. கக்கூஸ் தண்ணித் தொட்டி. படம் போடறப்ப உங்க போர் இருக்கறத நான் பாக்கல. இப்ப இடம் மாத்தியாச்சு. அந்தப் பக்கம் போயிடுச்சு.”

அவர் மூடிய மண்ணைப் பார்த்தார். போரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் கண்ணும் அளந்தது.

“அன்னிக்கு தொட்டின்னு மட்டும் சொன்னீங்க.”

“ஆமா.”

முகம் கீழே போய்விட்டது. அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மோட்டார் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாக ஒரு எவர்சில்வர் சொம்பு வந்தது, விளிம்புவரை தண்ணீர். பிடித்திருந்த கை அதை என் பக்கம் நீட்டியபடி நின்றது.

“குடிங்க.”

உபசாரமா, சோதனையா, தெரியவில்லை. பாஷாவின் ஆட்கள் இடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாங்கிக் குடித்தேன். முழுச் சொம்பும். குளிர்ச்சியாக இருந்தது. நாக்கின் பின்பக்கம் கரித்தது.

“எப்டி இருக்கு?”

“உப்பா இருக்கு.”

சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“எப்பவும் அப்டித்தான் இருக்கும்” என்றார்.